கலங்கிய தண்ணீரும் தெளிந்த தண்ணீரும்

சிப்பியை நன்றாக வேகவைத்துவிட்டால் அதிலுள்ள கெட்டதெல்லாம் போய்விடும் என்பது குமரி மேற்குக் கரையில் எல்லா வீட்டிலும் உள்ள நம்பிக்கை. கிருமி விஷயத்தில் அது சரிதான். ஆனால் 1997 செப்டம்பரில் கேரளத்து விழிஞத்தில் வந்த ஆபத்து கிருமியால் வந்ததல்ல. சிப்பி சாப்பிட்டவர்களில் 500 பேருக்கு மேல் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், 7 பேர் இறந்துபோனார்கள். கொல்லங்கோட்டிலிருந்து விழிஞம் பேருந்தில் ஒரு மணி நேரம்தான். எங்கள் வீட்டில் அந்த வருடம் அப்புறம் சிப்பி வாங்கவே இல்லை. மரச்சீனிக்குத் தொட்டுக்கொள்ள நெத்திலி மட்டும்தான்.

அந்த விஷத்தின் பெயர் சாக்ஸிடாக்சின். அதைச் செய்வது டைனோஃபிளாஜெல்லேட் என்கிற ஒற்றைச் செல் பாசிகளில் ஒரு சில வகைகள். சிப்பி பாறையில் ஒட்டிக்கொண்டு நாள் முழுக்கக் கடல்நீரை உள்ளே இழுத்து, அதிலுள்ள பாசியை வடித்துத் தின்றுவிட்டு, தண்ணீரை வெளியே விடுகிறது. விஷப் பாசி வந்தால் அதையும் சேர்த்துத்தான் தின்னும். அதற்குப் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை, சதையில் விஷம் சேர்ந்துகொண்டே போகும். கொதிக்கவைத்தாலும் அது அழியாது. பல நாடுகள் வைத்திருக்கும் வரம்பு 100 கிராம் சதைக்கு 80 மைக்ரோகிராம். அதைத் தாண்டினால் விற்கக் கூடாது. உதடும் நாக்கும் மரத்துப்போவதில் தொடங்கும், விரல்நுனிக்குப் பரவும், முற்றிவிட்டால் மூச்சுவிடும் தசைகள் நின்றுபோகும். மாற்று மருந்து கிடையாது. உடம்பு விஷத்தை வெளியேற்றும்வரை இயந்திரத்தால் மூச்சுக் கொடுத்துக் காப்பாற்றுவதுதான் வைத்தியம். தமிழ்நாட்டிலும் 1981-இல் மட்டி சாப்பிட்டு இதே விஷத்தால் 3 பேர் இறந்திருக்கிறார்கள். அது கிழக்குக் கரையில் நடந்தது.

இதில் என்னை உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. இந்தப் பாசி இருக்கும்போது தண்ணீர் சிவப்பாகவோ பச்சையாகவோ மாறியே தீர வேண்டும் என்றில்லை. நிறம் மாறும் அளவுக்குப் பெருகாமலே சிப்பியை விஷமாக்கிவிட முடியும். எங்கள் பக்கம் பாறையில் இறங்கிச் சிப்பி எடுக்கிறவர் ஒருவரிடம் எந்த நாளில் இறங்குவீர்கள் என்று கேட்டேன்.

“டீச்சரே, தண்ணி கலங்கிக் கெடந்தா எறங்க மாட்டோம். தெளிஞ்சா எறங்குவோம். அவ்வளவுதான் கணக்கு.”

அவர் சொல்வது முக்குளிப்பவரின் கணக்கு. கண் தெரியாமல் பாறைக்கடியில் கையை விட முடியாது. ஆனால் கரையில் நிற்கும் நாமும், அலுவலகத்தில் உட்கார்ந்து அறிக்கை எழுதுகிறவர்களும், அதே கணக்கைத்தான் கடலின் ஆரோக்கியத்துக்கும் வைத்திருக்கிறோம். தெளிந்தால் நல்லது, கலங்கினால் கெட்டது. நான் மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் எடுக்கிறேன். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நீரோடி, பொழியூர், பூவாறு, தேங்காப்பட்டணம் என்று வாளியும் வலையுமாகத் திரிய ஆரம்பித்த பிறகு இந்தக் கணக்கின் மேல் எனக்கு நம்பிக்கையே போய்விட்டது.

எடுக்கும் முறை எளிது. 20 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் 50-இல் ஒரு பங்கு) கண்ணுள்ள வலையில் சில வாளித் தண்ணீரை ஊற்றி வடிப்போம். வலையின் அடிக்குப்பியில் தேங்கியதைப் பாட்டிலில் பிடித்து இரண்டு சொட்டு லூகோல் அயோடின் விட்டால், செல்கள் கெடாமல் ராத்திரியோடு அடியில் படிந்துவிடும். மறுநாள் எண்ணுவதற்கு செட்ஜ்விக்-ராஃப்டர் என்று ஒரு கண்ணாடிச் சில்லு இருக்கிறது. 50 மில்லிமீட்டர் நீளம், 20 அகலம், 1 ஆழம். சரியாக ஒரு மில்லிலிட்டர் பிடிக்கும், அதில் 1000 கட்டங்கள். அயோடின் விடாத இன்னொரு பாட்டிலும் வேண்டும், ஏனென்றால் உயிரோடு பார்ப்பதுதான் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். எனக்கும்தான்.

கடல் பக்கத்துத் தண்ணீரில் முதலில் கண்ணில் படுவது டயட்டம்கள் என்கிற ஒற்றைச் செல் பாசிகள். இவற்றின் ஓடு சிலிக்காவால் ஆனது, அதாவது கண்ணாடி. குங்குமச் சிமிழும் மூடியும் மாதிரி இரண்டு பாதிகள் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தி இருக்கும். செல் பிரியும்போது ஆளுக்கொரு பாதியை எடுத்துக்கொண்டு, மற்றப் பாதியைத் தானே செய்துகொள்கிறது. புதிதாகச் செய்வது எப்போதும் உள்பாதி என்பதால், தலைமுறைக்குத் தலைமுறை ஒரு கிளை சிறுத்துக்கொண்டே வரும். ரொம்பச் சிறுத்துவிட்டால் பாலினப்பெருக்கம் செய்து மறுபடி பழைய அளவுக்குத் திரும்பும். காசினோடிஸ்கஸ் வட்டமாக, ஓடு முழுக்கத் தேன்கூட்டுத் துளைகளோடு இருக்கும். கீட்டோசெராஸ் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு நாலாபக்கமும் முள் நீட்டும். பிளூரோசிக்மா மெல்ல வளைந்து, பொன்பழுப்பு நிறப் பச்சையத்தைத் தாங்கிக்கொண்டு, யாரும் தள்ளாமலே தானாக ஊர்ந்து போகும். முதல்முறை பார்க்கிற பிள்ளை கட்டாயம் “மிஸ், ஓடுது!” என்று கத்தும். அது உண்மையிலேயே ஓடுகிறது. ஓட்டிலுள்ள மெல்லிய பிளவு வழியாகப் பசையைச் சுரந்துகொண்டு நகர்கிறது.

இந்தச் சின்ன ஜீவன்களை வைத்து நீரின் நலத்தைப் படிக்கலாம் என்பது புதிய யோசனை இல்லை. காரணம் எளிது. ஒரு லிட்டர் தண்ணீரை ஆய்வகத்துக்கு அனுப்பி அமிலத்தன்மை, கரைந்த ஆக்சிஜன், பாஸ்பேட் என்று பார்த்தால் கிடைப்பது தண்ணீர் எடுத்த அந்த நேரத்தின் கதை. ராத்திரி யாரோ லாரியில் கழிவைக் கொண்டுவந்து கவிழ்த்துவிட்டுப் போய், காலையில் ஓட்டம் அதை இழுத்துச் சென்றிருந்தால் அந்த அறிக்கையில் ஒன்றும் தெரியாது. பாசி அப்படி மறப்பதில்லை. ஒரு நாள் இரண்டு நாளில் இரட்டிக்கிற உயிர் என்பதால், போன வாரம் வந்தது என்ன என்பது இந்த வாரம் அங்கே யார் பெருகியிருக்கிறார்கள், யார் காணாமல் போனார்கள் என்பதில் தெரியும். டயட்டம் ஓடு மக்காமல் சேற்றில் படிந்து கிடப்பதால், சேற்றை அடுக்கடுக்காக எடுத்தால் பல வருடக் கதையும் கிடைக்கும்.

எவ்வளவு பாசி என்பதைவிட யார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இதைப் புரியவைக்க நான் பிள்ளைகளைக் கூட்டிப்போகிற இடம் ஏ.வி.எம். கால்வாய். அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் என்பது முழுப் பெயர், 1860-இல் திருவிதாங்கூர் அரசு வெட்டத் தொடங்கியது. திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிவரை வள்ளத்திலேயே சரக்குக் கொண்டுபோகலாம் என்பது அன்றைய கனவு. இன்று பல இடங்களில் அது கால்வாய் என்றே தெரியாது, தூர்ந்தும் வீட்டுக் கழிவு விழுந்தும் கிடக்கிறது. நாங்கள் நிற்கிற இடத்தில் தண்ணீரின் மேல் கரும்பச்சைத் தோல் படர்ந்திருக்கும். கம்பால் விலக்கினால் அடியிலிருந்து குமிழ் வரும், முட்டை அழுகிய நாற்றம் வரும். அந்தத் தோலில் ஒரு நகக்கண் அளவு எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால் ஆசிலட்டோரியா. நீலப்பச்சை இழைகள், ஒவ்வொன்றும் நுனியை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே இருக்கும். நடுநடுவே யூக்ளினா, உடம்பைச் சுருக்கி விரித்து நெளிந்துகொண்டு, ஒரு முனையில் சிவப்புக் கண்புள்ளியோடு. டயட்டம் என்று பார்த்தால் பெரும்பாலும் நிட்ஸ்சியா பேலியா. சாக்கடை நீரிலும் தாக்குப்பிடிக்கிற, சொல்லப்போனால் அதில் தழைக்கிற வகை. பாசிக்குப் பஞ்சமில்லை, வகைக்குத்தான் பஞ்சம்.

பால்மர் என்ற ஆய்வாளர் 1969-இல் இதற்கு ஒரு மதிப்பெண் முறை போட்டார். கழிவைத் தாங்கும் 20 பாசிப் பேரினங்களுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண். யூக்ளினாவுக்கும் ஆசிலட்டோரியாவுக்கும் 5, நிட்ஸ்சியாவுக்கும் நாவிக்குலாவுக்கும் 3. கண்ணில் பட்டதையெல்லாம் கூட்டி 20 அல்லது அதற்கு மேல் வந்தால் அங்கே அங்ககக் கழிவு அதிகம். மதிப்பெண் என்றால் நம் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும். என்ன, இங்கே மதிப்பெண் கூடினால் ஃபெயில்.

ஆனால் இதே அட்டவணையைப் பூவாறு பொழியில் அப்படியே வைத்துப் பார்த்தால் ஏமாந்துபோவோம். அது நன்னீருக்குப் போட்ட கணக்கு. நெய்யாறு கடலில் சேரும் அந்தப் பொழிமுகம் வருடம் முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை. ஆற்றில் நீர் குறைந்தால் அலை கொண்டுவந்து போடும் மணல் வாயை அடைத்துவிடும். அடைத்தபின் உள்ளே தேங்குவது கிட்டத்தட்ட ஏரி. மழை பெய்து நிறைந்ததும் தானாக உடையும், அல்லது வீடுகளுக்குள் நீர் ஏறும் என்று ஊர்க்காரர்கள் பொழி வெட்டிவிடுவார்கள். வெட்டிய கொஞ்ச நேரத்தில் உப்புநீர் உள்ளே வந்துவிடும். நன்னீர்ப் பாசி எல்லாம் சாகும், கடல் டயட்டம்கள் வந்து சேரும். அன்றைக்கு மாதிரி எடுத்தவர் “வகைகள் திடீரென்று அழிந்தன, மாசு” என்று எழுதினால் அது அபத்தம். உப்பு மாறியிருக்கிறது, அவ்வளவே.

எனக்குச் சொல்ல இருப்பது முக்கியமாக இதுதான். வெப்பமண்டலக் கரையில் பாசி நல்ல சாட்சி, ஆனால் அந்த இடத்தின் பருவம் தெரிந்தவருக்கு மட்டும். எங்கள் மாவட்டத்துக்கு இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. வருடத்தில் இரண்டு தடவை ஆறு கடலைத் தள்ளுகிறது, மழை விட்டதும் கடல் ஆற்றைத் தள்ளுகிறது. ஓடையில் ஏறக்குறைய ஒரே குணத்தோடு வருடம் முழுக்க நீர் ஓடுகிற நாடுகளில் பிறந்த அளவுகோல்களை இங்கே தூக்கி வைத்தால் பாதி நேரம் மழையைத்தான் அளந்துகொண்டிருப்போம்.

கடலுக்கும் இது பொருந்தும். ஆடி, ஆவணியில் மேற்குக் கரையோரம் அடியாழத்துக் குளிர்ந்த நீர் மேலே வருகிறது. உரச்சத்து நிறைந்த, ஆக்சிஜன் குறைந்த நீர். வெயில் பட்டதும் டயட்டம்கள் கொதித்து எழுகின்றன. தண்ணீர் கலங்கிப் பச்சையாகும். சாளைக்கு, அதாவது மத்தி மீனுக்கு, அதுதான் சாப்பாடு. 1924-லேயே மதராஸ் மீன்துறையின் ஜேம்ஸ் ஹார்னெல், சாளை வருவதும் போவதும் மலபார்க் கரையின் நுண்பாசியோடு சேர்ந்தது என்று ஆராய்ந்திருக்கிறார். பிற்பாடு ஃப்ரஜிலேரியா ஓசியானிகா என்ற ஒரு டயட்டம் நிறைந்தால் சாளை நிறையும் என்றுகூடச் சொன்னார்கள். கேரளத்தில் சாளை 2012-இல் கிட்டத்தட்ட 4 லட்சம் டன் பிடிபட்டது, 2021-இல் 3,297 டன்னாகச் சரிந்தது. இதற்குப் பாசி மட்டும் காரணமில்லை, குஞ்சு மீனைப் பிடித்துத் தீர்த்ததும், கடல் சூடானதும் உண்டு. ஆனால் கலங்கிய பச்சைத் தண்ணீரைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் அதே வாயால் சாளை விலையைப் பற்றிப் புலம்புவதைக் கேட்டால் எனக்குச் சிரிப்புதான் வரும். ஹைதராபாதிலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் மீன் கிடைக்கும் இடத்தைச் சொல்வதும் இதை வைத்துத்தான். செயற்கைக்கோளிலிருந்து கடல்மேல் வெப்பத்தையும் கிளோரோஃபில் பச்சையையும் பார்த்து அறிவிக்கிறார்கள்.

வெயில் காலத்தில் வேறொன்று வரும். மாசி, பங்குனியில் காற்று ஓய்ந்து கடல் அசையாமல் கிடக்கும்போது நடுக்கடலில் மரத்தூள் கொட்டினதுபோல் பழுப்பாகக் கோடு கோடாக மிதக்கும். டிரைக்கோடெஸ்மியம். உரமே இல்லாத நீரில் காற்றிலுள்ள நைட்ரஜனைத் தானே பிடித்து வளரும் பாசி. அரபிக் கடலில் வருடந்தோறும் நடப்பது. அதைப் படம் பிடித்து “கடலில் மர்மக் கழிவு” என்று வாட்ஸ்அப்பில் விடுகிறவர்களிடம் விளக்கி விளக்கி ஓய்ந்துவிட்டேன்.

அப்புறம் ஒளிரும் கடல். 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலை நீலமாக மின்னியதும் ஊரே திரண்டு போய்ப் பார்த்தது. கேரளத்தில் இதைக் கவரு என்பார்கள். மின்னியது நாக்டிலூக்கா. வெறும் கண்ணுக்கே தெரிகிற பெரிய செல், டயட்டம்களைப் பிடித்து விழுங்குகிற ஜீவன். அது பெருகினால் டயட்டம் குறையும், செத்து மக்கும்போது தண்ணீரில் ஆக்சிஜன் தீரும். அடுத்த மாதமே மன்னார் வளைகுடாவில் கடல் பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கியதும் இதன் பெருக்கத்தால்தான். அழகாக இருப்பதெல்லாம் நல்ல சேதியும் இல்லை. 2004 செப்டம்பரில் கொல்லம் முதல் விழிஞம் வரை கடலிலிருந்து குமட்டும் நாற்றம் எழுந்து, 200 பேருக்கு மேல், அதிலும் குழந்தைகள், மூச்சுத் திணறி அவதிப்பட்டதற்கும் பாசிப் பெருக்கத்தையே ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

எது இயல்பு, எது நோய் என்று எப்படித்தான் பிரிப்பது? எனக்குப் பிடித்த துப்பு சிலிக்கா. மலையில் பாறை தேய்ந்து கரைந்து ஆற்றோடு வருவது அது. டயட்டத்துக்கு ஓடு செய்ய வேண்டும். சாக்கடையில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் தாராளமாக வரும், சிலிக்கா அந்த அளவுக்கு வராது. ஆற்றின் குறுக்கே அணை கட்டினால் தேங்கிய நீரில் நன்னீர் டயட்டம்கள் வளர்ந்து, செத்து, சிலிக்காவோடு அடியில் படிந்துவிடும். கடலுக்குப் போவது குறையும். மேலே பேச்சிப்பாறை அணை 1906-இலிருந்து இருக்கிறது, நெய்யாறு அணை 1958-இலிருந்து. கீழே ஊர்கள் பெருத்து, கழிவு கூடிக்கொண்டே போகிறது. ஒருபக்கம் சிலிக்கா குறைந்து மறுபக்கம் மற்ற உரம் கூடினால், ஓடு தேவைப்படாத டைனோஃபிளாஜெல்லேட்டுக்கும் நீலப்பச்சைக்கும்தான் கொண்டாட்டம். ஆகவே ஆவணியில் பாசி பெருகுவதைப் பார்த்து நான் பயப்படுவதில்லை. வழக்கமாக டயட்டம் எழ வேண்டிய அந்த மாதத்தில் டயட்டம் எழாமல் வேறொன்று எழுந்தால் பயப்படுவேன்.

தெளிந்த தண்ணீருக்கும் இதே கேள்வி. ரப்பர் தோட்டங்களில் மழைக்கு முன்னால் இலையுதிர் நோய்க்குச் செம்பு மருந்து அடிப்பது எங்கள் மலையோரத்தில் வருடாந்திர வேலை. குளத்துப் பாசியைக் கொல்லத் துரிசு போடுவது பழைய வழக்கம், துரிசு என்றாலே செம்புதான். செம்பு கலந்த நீர், பாசி செத்துப் பளிங்காக இருக்கும். கயிற்றுக்காகக் கதம்பை என்கிற தேங்காய் மட்டையை அழுகப் போட்ட காயல் மூலையில் நிலைமை வேறு. மட்டையிலிருந்து இறங்கும் சாயம் நீரைக் கறுக்கவைத்து வெளிச்சத்தைத் தடுக்கும், அடியில் ஆக்சிஜன் தீர்ந்து கந்தக நாற்றம் கிளம்பும். கயிறு திரித்தே பிழைத்த குடும்பங்களின் வேலை அது, அதைக் குற்றமாகச் சொல்ல எனக்கு மனமில்லை. அழுகப் போடும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஓட்டமுள்ள பக்கத்தில் எடுத்தால் டயட்டம் வகைகள் மறுபடி வரத் தொடங்குவதைப் பிள்ளைகளே எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். ஓட்டம் இருந்தால் தண்ணீர் தேறிவிடுகிறது.

இப்போது கவனம் விழிஞம் பக்கம் திரும்பியிருக்கிறது. 2024 ஜூலையில் முதல் பெரிய சரக்குக் கப்பல் வந்தது, இப்போது உலகின் பல மூலையிலிருந்தும் வருகின்றன. கப்பல் சாயாமலிருக்க வயிற்றில் கடல்நீரைச் சுமக்கும். சரக்கு ஏற்றும்போது அதைத் திறந்துவிட வேண்டும், ஒரு துறைமுகத்தில் ஏற்றிய நீர் இன்னொரு துறைமுகத்தில் இறங்கும். அதனால் 2017 செப்டம்பர் 8 முதல் சர்வதேச ஒப்பந்தம் ஒன்று நடைமுறையில் இருக்கிறது. வெளியே விடும் நீரில் 10 முதல் 50 மைக்ரான் வரையுள்ள உயிர்கள் மில்லிலிட்டருக்கு 10-க்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது அது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு கன மீட்டருக்குப் பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய ஒரு கோடி வரை விதிக்கு உட்பட்டே போகலாம். விஷ டைனோஃபிளாஜெல்லேட்டுகள் பலவும் இந்த 10 முதல் 50 மைக்ரான் பருமனுக்குள்தான் வரும். அவற்றில் சில, காலம் சரியில்லை என்றால் தடித்த தோலோடு கூடாகிச் சேற்றில் இறங்கி வருடக்கணக்கில் தூங்கும். நாளைக்கு ஒருவேளை மறுபடி 1997 மாதிரி வந்தால், அந்தப் பாசி வெளியிலிருந்து வந்ததா, முன்பே இந்தச் சேற்றில் இருந்ததா என்று சொல்ல இன்றைய சேறு யாரிடமாவது எண்ணப்பட்டு இருக்க வேண்டும்.

பள்ளி நுண்ணோக்கியை வைத்து விஷத்தை அளக்க முடியாது, அதற்கு ஆய்வகம் வேண்டும். எந்தப் பேரினம், எத்தனை, எந்த மாதம் என்று எழுதிவைக்க முடியும். அதனால் இந்த வருடத்திலிருந்து தண்ணீரோடு சேற்றையும் எடுக்கிறோம். அடிச்சேற்றைக் கலங்காமல் எடுக்க இருபக்கமும் திறந்த பி.வி.சி. குழாய் போதும், அழுத்தி இறக்கி மேல்வாயைக் கையால் பொத்தித் தூக்கினால் அடுக்கு கலையாமல் வந்துவிடும். முதல் மாதிரி பூவாறு பொழிக்கு உள்பக்கம். வள்ளத்துக்கு ஆள் கிடைத்துவிட்டது. “பிள்ளைகளுக்குதானே டீச்சரே” என்று, மண்ணெண்ணெய்க் காசு மட்டும் போதும் என்றார்.